செவலைக்கு ஒரு வீடு

நாய்க் காப்பகத்தில் அவளுக்குத் ‘தரை டிக்கெட்’ என்று பெயர். வைத்தவர் நாய் டாக்டர். நாய் கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, இந்த வீட்டுக்கு இந்த நாய் சரிப்படும், இது சரிப்படாது என்று சொல்வது அவள் வேலை. அந்த வேலைக்கு வேறு யார் போனாலும் சோபாவில் உட்கார்ந்து, மதில் எவ்வளவு உயரம், நாய் எங்கே படுக்கும், வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அவளும் அதையெல்லாம் கேட்பாள். கேட்டு முடித்ததும், “நான் கொஞ்ச நேரம் கீழ உக்காந்துக்கலாமா?” என்பாள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க” என்பாள்.

முதலில் எல்லோரும் நெளிவார்கள். டீ ஆறுவதற்குள் மறந்தும் போவார்கள். முகத்தைப் பூசி மெழுகத் தெரிந்தவர்களுக்குக் காலைப் பற்றிய ஞாபகம் இருப்பதில்லை. வாசலில் சாவிச் சத்தம் கேட்டதும் யாருடைய கால் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிகிறது, வழியில் கிடக்கும் பொம்மையை யார் தாண்டிப் போகிறார்கள், யார் எத்திவிட்டுப் போகிறார்கள், மாமியார் இருமினால் எந்தக் கால் வேகமெடுக்கிறது, எல்லாம் கீழே இருந்தால் தெரியும். நாயும் அங்கேதானே இருக்கப்போகிறது.

ஒருமுறை பங்களா மாதிரி ஒரு வீடு. வீட்டுக்காரர்களுக்கு வாய் நிறைய வெல்லம். அவள் திரும்பி வந்து “வேண்டாம்” என்றாள். மேனேஜர் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். “தரை டிக்கெட் சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காலையில் எழுந்து, தலை வாரி, பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். கல்யாணமாகி ஒரு வீட்டில் இருந்த காலம் முழுக்க, அவள் எதைச் சொன்னாலும் “உனக்கு எல்லாமே கற்பனை” என்பதுதான் பதிலாக இருந்தது. இங்கே அவள் சொன்னால் கதவு திறந்தது. சொன்னால் மூடியது.

செவலை, காப்பகத்துக்கு வந்து வெகுநாளான நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், இளமை போய்விட்டது. வளர்த்த குடும்பம் வீடு மாறியபோது அதைக் கைகழுவிவிட்டது. அந்த வீட்டில் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். பெரியவர்கள் கூண்டருகே வந்தால் மரியாதைக்கு வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தெருவில் ஒரு குழந்தையின் குரல் கேட்டால் போதும், எழுந்து நின்றுவிடும். சின்னக் கால்களைக் கண்டால் அவற்றின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும். அதற்கு ஏற்ற வீடு எது என்று கண்டுபிடிக்கத் தரையில் உட்காரவே தேவையில்லை.

அப்படியொரு வீடு கேட்டு வந்தது. மேனேஜர் விண்ணப்பத்தைச் சத்தமாகப் படித்தார். “வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சம்சாரம் கண்ணாடிக் கடையில கண்ணு செக் பண்றவங்க. ரெண்டு பொண்ணு. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போனாங்க, நீங்க லீவு. செவலைதான் வேணுமாம், வேற எதையும் திரும்பிக்கூடப் பாக்கல.” பிறகு தெருவின் பெயரைச் சொன்னார்.

அவளுக்குத் தெரியும் அந்தத் தெரு. அந்த லிஃப்ட் மெக்கானிக்கோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். ரெண்டு பொண்ணில் மூத்தவள் அவள் வயிற்றில் பிறந்தவள்.

தெரிந்தவர் வீட்டுக்குத் தெரிந்தவர் போகக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. அவள் விதியை நினைத்துக்கொண்டாள். “நானே போறேன்” என்றாள்.

மூத்தவளைச் சுண்டு என்று கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதனால் வந்த பெயர், அம்மா வைத்த பெயர். பிரிந்த பிறகு சுண்டு அவளோடுதான் இருந்தாள். பள்ளி விடுமுறைக்கு அப்பா வீட்டுக்குப் போனவள், விடுமுறை முடிந்ததும் துணிமணிகளை எடுக்க மட்டும் வந்தாள்.

“ஏன்?” என்று அவள் கேட்டபோது சுண்டு கொஞ்சம் யோசித்தாள். “அங்க என்னை யாரும் பாத்துக்கிட்டே இருக்க மாட்டாங்கம்மா” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. ஆறுதல் சொல்கிற குரல். அதனாலேயே அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

யாரோ சொல்லிக்கொடுத்த பேச்சு என்று முடிவுகட்டினாள். பெண்ணை மிரட்டியிருக்கிறான், அல்லது மயக்கியிருக்கிறான். அந்த வீட்டில் சுண்டுவின் கால்கள் நாற்காலிக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது கண்ணால் பார்த்தது மாதிரியே ஆகிவிட்டது. இப்போது போய் நிஜமாகவே பார்த்துவிடலாம்.

கதவைத் திறந்தது கண்ணாடிக் கடைக்காரி. ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவள் முகம் உண்மையாகவே இளகியது. “நீங்களே வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. யாரோ வந்து நோண்டி நோண்டிக் கேப்பாங்கன்னு காலைலருந்து பயந்துட்டிருந்தேன். உள்ள வாங்கக்கா.”

அக்கா. எந்த முறையில் அக்கா என்று மனசுக்குள் ஒரு முள் கேட்டது.

உள்ளறையிலிருந்து சுண்டு வந்தாள். வளர்ந்திருந்தாள். “தெரிஞ்சவங்க வீட்டுக்கு நீ வரக் கூடாதில்லம்மா? நீதானே சொல்லுவே?”

“வேற ஆள் இல்ல.”

“ஏய், வந்தவங்களை நிக்க வெச்சே கேள்வி கேக்கறியா?” என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. “கேள்வி கேக்கறது என் பொழப்புடி. மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதான்னு நாள் முழுக்கக் கேட்டு, வீட்டுக்கு வந்து உன்கிட்ட ‘படிச்சியா’ன்னு கேக்க எனக்குத் தெம்பே இருக்கறதில்ல.”

“அதான் எனக்குச் சித்தியைப் பிடிக்கும்” என்றாள் சுண்டு.

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவளும் சிரித்துவைத்தாள்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் இருந்தது. நாய் படுக்க ஜன்னலோரம் பழைய மெத்தையை ஏற்கனவே விரித்திருந்தார்கள். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது இளையவள் புயல் மாதிரி ஓடிவந்தாள். பள்ளிக்குப் போக ஆரம்பித்து அதிக நாளாகாத உருவம், முன்பல் ஒன்று இல்லை. அறையின் இந்தச் சுவரைத் தொட்டுவிட்டு அந்தச் சுவருக்கு ஓடினாள். பாதி வழியில் இவளைப் பார்த்து நின்றாள்.

“இந்த ஆன்ட்டி ஏன் கீழ உக்காந்திருக்காங்க? தப்பு பண்ணிட்டாங்களா?”

“வாண்டு, ஆன்ட்டி இல்ல. பெரியம்மா” என்றாள் அவள் அம்மா சமையலறையிலிருந்து.

“பெரியம்மா தப்பு பண்ணிட்டாங்களா?”

“இல்லடி, அவங்க வேலையே அதுதான்” என்றாள் சுண்டு. அம்மாவின் பக்கம் திரும்பி, “வாண்டுன்னு நான்தான் பேர் வெச்சேன். சுண்டுவுக்குத் தங்கச்சி வாண்டு” என்றாள்.

தான் வைத்த பெயருக்கு இந்த வீட்டில் ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது. அவள் தலையை ஆட்டினாள்.

டீ வந்தது. ஆறியது. அவர்கள் அவளை மறந்தார்கள். சுண்டு சோபாவில் சாய்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரி வந்து அதே சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, நீண்டு கிடந்த சுண்டுவின் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். சுண்டுவும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. தினமும் நடப்பது யாருக்கும் விஷயமாக இருப்பதில்லை.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவளுடைய முதுகு தானாகவே சுவரோடு ஒட்டியது. எத்தனை வருஷமானாலும் அந்தக் குதிகாலை அவளுக்குத் தெரியும். முதலில் குதிகால்தான் விழும், தரையே அதிர்கிற மாதிரி. பழைய வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுவாள். குட்டிச் சுண்டு கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொள்வாள். அவன் கை நீட்டியதில்லை. கூடத்தில் மேலும் கீழுமாக நடப்பான், அவ்வளவுதான். அந்த நடையே போதுமானதாக இருந்தது.

அவன் உள்ளே வந்தான். அதே குதிகால், அதே அதிர்வு. கொஞ்சமும் மாறவில்லை. அவள் சோபாவைப் பார்த்தாள். மடியில் கிடந்த பாதங்கள் அசையவில்லை. ஒரு விரல்கூட மடங்கவில்லை. வாண்டு ஓடிப்போய் அவனுடைய இரண்டு பாதங்களின் மேலும் ஏறி நின்றுகொண்டாள். அவன் அவளைச் சுமந்தபடியே தொம் தொம்மென்று கூடத்தைச் சுற்றி நடந்தான். தரை அதிர அதிர அவள் சிரித்தாள்.

அவன் இவளைப் பார்த்ததும் நின்றான். “சௌக்கியமா?” என்றான்.

“ம்.”

அவன் மாறியிருந்தால் அவளால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். வேறொருத்திக்காகத் திருந்தினான் என்று வயிறு எரிந்திருப்பாள். அதிலும் ஒரு நிம்மதி உண்டு. மாறவில்லை. அதே மனிதன், அதே நடை, இங்கே அது வெறும் நடை. அப்படியானால் அந்த வீட்டில் பயம் எங்கேயிருந்து வந்தது? குட்டிச் சுண்டு யாரைப் பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டாள்? அவனையா? அல்லது கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உறைந்துபோய் நின்ற அம்மாவையா?

அந்தக் கேள்வியை முழுசாக நினைத்து முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“என்னக்கா, எங்க வீடு பாஸா?” என்று கண்ணாடிக் கடைக்காரி கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

‘சொல்லி அனுப்பறோம்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லா வீட்டிலும் அவள் அதைத்தான் சொல்வாள்.

“வீட்டுல ஒரு குறையும் இல்ல” என்றாள். “சின்னவதான் ரொம்ப ஓடறா. செவலைக்கு ஓடற குழந்தைங்கன்னா பயம். பயத்துல கடிச்சு வெச்சிடும். இது சரிப்பட்டு வராது.”

வாய் சொல்லி முடித்த பிறகுதான், யார்மேல் பழியைத் தூக்கிப் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. கண்ணாடிக் கடைக்காரி மெதுவாகக் கணினியை மூடினாள். “ஓ” என்றாள். பிறகு, “சுண்டுதான் ரொம்ப ஆசைப்பட்டா” என்றாள். வாண்டு தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

சுண்டு கீழே கேட்வரை கூடவே வந்தாள். “ஞாயித்துக்கிழமை செவலை வாண்டு கால்ல தலைய வெச்சுத் தூங்கிடுச்சும்மா” என்றாள்.

“நாயைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“நாயைப் பத்தித் தெரியாது” என்றாள் சுண்டு. அம்மா பஸ் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

காப்பகத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இனி செவலையைக் காட்ட வேண்டாம் என்றார். பார்க்க வருகிறவர்கள் போகாத பின்வரிசைக்கு அதை மாற்றினார்கள். அங்கே தெருச் சத்தம் கேட்காது. நாய் டாக்டர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.

“செவலைக்கா பயம்? என் பொண்ணு அது முதுகுல ஏறி சவாரி போனாளேம்மா.”

“உள்ளுக்குள்ள இருக்கற பயம் டாக்டர். வெளிய தெரியாது.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் டாக்டர். தன் கண்ணால் பார்த்ததை அவள் வாய்ச்சொல்லுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த நாய்க்கு ஊசி போடப் போனார். அவள் பின்வரிசைக்குப் போய் நின்றாள். செவலை எழுந்து மரியாதைக்கு ஒரு ஆட்டு ஆட்டியது. எப்போதும் போலத்தான். அவள்தான் அதன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை மாற்றினாள்.

அவர்கள் எப்படியும் வேறு ஒரு நாயை வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு சப்பைக்கட்டு. அடுத்த வாரம் சுண்டு போன் செய்தாள்.

“வேற நாய் பாத்தீங்களா?” என்றாள் அம்மா.

“அப்பா பாக்கலாம்னாரு. வாண்டு வேண்டாங்கறா. செவலைதான் வேணுமாம்.” சுண்டு குரலைத் தாழ்த்தினாள். “அவ இப்ப ஓடறதே இல்லம்மா. வீட்டுக்குள்ள மெதுவா நடந்து பழகறா. ஸ்கூல்ல விளையாட விட்டாகூட ஓரமா நிக்கறாளாம், மிஸ் கூப்பிட்டுக் கேட்டாங்க. நல்லா நடந்து காமிச்சா செவலையைக் குடுப்பாங்களான்னு தினம் என்னைக் கேக்கறா. சித்தி, தப்பு நம்ம வளர்ப்புலதான்னு சொல்லிக்கிட்டிருக்காங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நான் ஒண்ணும் சொல்லல” என்றாள் சுண்டு. “உன்னைப் பத்தி நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்மா.”

அந்தக் குரலில் கோபத்தைத் தேடினாள். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம். இருந்தது இரக்கம்தான். பெற்ற பெண், தன்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், ஏதோ வீட்டுக்குள் மறைத்துவைக்க வேண்டிய நோயாளியை மறைக்கிற மாதிரி.

மறுநாள் காலை நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ‘நான் பொய் சொல்லிட்டேன்.’ மூன்றே சொல்.

“செவலை விஷயமா...”

“அட, உங்ககிட்ட சொல்லவே இல்லல்ல” என்றார் மேனேஜர். “நேத்து நல்ல இடமா அமைஞ்சுடுச்சு. மரக்கடைக்காரர் காவலுக்கு நாய் கேட்டாரு. குழந்தைகுட்டி வர்ற இடமே இல்ல. நீங்க சொன்னதுக்குப் பொருத்தமா இருந்துது, அனுப்பிட்டேன்.”

“கட்டிப்போடுவாங்களே.”

“லாரி வந்து போற இடம், பகல்ல கட்டித்தானே ஆகணும்? சாப்பாடு நல்லா போடுவாங்க.”

“திருப்பி வாங்கிடலாம் சார்.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “வாங்கலாம். குடுத்ததைத் திருப்பிக் கேக்கணும்னா அவருக்கு ஒரு காரணம் சொல்லணும். என்ன சொல்லட்டும்?”

அவளிடம் காரணம் கேட்டு அவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலியில் சாய்ந்து, நிஜமான அக்கறையோடு காத்திருந்தார். இந்த ஆள் இனிமேல் தன்னை எப்படிப் பார்ப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்து நிற்கும்போதெல்லாம் ‘ஏன்?’ என்பார். ‘நிஜமாத்தானா?’ என்பார். டாக்டர் சிரித்து மழுப்புவார். கல்யாணமாகிப் போன வீட்டில் கேட்ட ‘கற்பனை’ என்ற அந்த வார்த்தை இங்கேயும் காற்றில் சுற்றும். அவளிடம் வேறு என்ன இருக்கிறது? பெண் இல்லை, வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் அறை, நாய் வளர்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்ட வீட்டுக்காரர். இருப்பது இங்கே எடுபடும் தன் சொல் மட்டும்தான். ஒரு நாய் அதைவிடப் பெரிதா என்று மனசு கேட்டது. ‘ஆமாம்’ என்ற பதிலும் மனசிலேயே இருந்தது. நாக்குதான் எழவில்லை.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள். “சும்மா தோணுச்சு.”

“உங்களுக்குச் சும்மா எதுவும் தோணாதே” என்று சிரித்தார் மேனேஜர். மறுபடி பேனாவை எடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில், காலியான கூண்டுகளுக்குப் பக்கத்தில் நின்று சுண்டுவுக்குப் போன் செய்தாள். அன்று பள்ளி விடுமுறை.

“செவலையை வேற இடத்துக்குக் குடுத்தாச்சு.”

“சரி” என்றாள் சுண்டு. “இதை என்னால சொல்ல முடியாதும்மா. நீயே சொல்லிடு.” அம்மா பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

“பெரியம்மா, நான் இப்ப மெதுவா நடக்கறேன். நடந்து காட்டவா? போனைக் கீழ வெக்கறேன், கேளுங்க.”

போன் தரையில் வைக்கப்பட்டது. அவள் காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. அங்கே எங்கோ ஒரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து சுவருக்கு அடி அடியாக நடந்துகொண்டிருந்தது.

“கேட்டுச்சா?”

“இல்லம்மா. ஒண்ணுமே கேக்கல.”

“அப்ப நாய் வருமா?”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “செவலைக்கு வேற வீடு கிடைச்சுடுச்சு கண்ணு. நீ இனிமே ஓடலாம்.”

வாண்டு யோசித்தாள். “அந்த வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்ல.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட இல்ல.”

“அப்ப நல்லதுதான்” என்றாள் வாண்டு, பெரிய மனுஷி மாதிரி. “பாவம், இனிமே அதுக்குப் பயமே இருக்காது.”